நாய்க்குட்டிக்கு எத்தனை நாள் கெடு?

விடிந்தும் விடியாத நேரம். பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகும் ஆம்னி பஸ் திண்டிவனத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கிளீனர் இறக்கித் தருகிறார். காத்திருந்த அப்பாவும் மகளும் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். லாப்ரடார் குட்டி, மூத்திரத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் வாலை ஆட்டுகிறது. பணம் முந்தின நாளே ஜிபேயில் போய்விட்டது. ரசீது இல்லை. மருந்துக் கம்பெனிப் பெயர் போட்ட தடுப்பூசி அட்டை ஒன்று மட்டும் பெட்டிக்குள் கிடக்கிறது. நான்காம் நாள் குட்டி சோற்றுத் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள் வாந்தி, அன்றிரவே ரத்தக் கழிச்சல். ட்ரிப்ஸ் ஏற்றிய மருத்துவர் பார்வோ என்கிறார். ஏழாம் நாள் குட்டி இல்லை.

அப்புறம் போன்.

“நான் அனுப்பும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்க என்னத்தக் குடுத்தீங்களோ.”

“வந்து ஏழு நாள்தாங்க ஆச்சு. அங்கேர்ந்தே நோயோடதான் வந்துருக்கு.”

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையல்ல. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஊர்ப்பெயரும் நாயினமும் மாறி இதே கதை வந்துவிடும். கேட்பவர்கள் உடனே கட்சி பிரிந்துகொள்வதும் வழக்கம்: விற்றவன் திருடன், அல்லது வாங்கியவனுக்கு வளர்க்கத் தெரியவில்லை. எனக்கு இந்தத் தகராறுகளைக் கேட்கக் கேட்க வேறொன்று தோன்றுகிறது. பெரும்பாலும் இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. அனுப்பும்போது குட்டி நன்றாகத்தான் இருந்தது, நோயோடுதான் வந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் சிக்கலே.

பார்வோ கிருமி உடம்புக்குள் போனதும் அறிகுறி காட்டுவதில்லை. வழக்கமாக மூன்றிலிருந்து ஏழு நாள், சில குட்டிகளில் இரண்டு வாரம்வரை அமைதியாக இருக்கும். அந்த நாட்களில் குட்டி ஓடும், கடிக்கும், தின்னும். வீடியோ காலில் காட்டினால் யாருக்கும் பிடித்துப்போகும். டிஸ்டெம்பர் இன்னும் மெத்தனம். காய்ச்சல், கண்பீளையில் தொடங்க ஒன்றிரண்டு வாரம், வலிப்பு வந்து நிற்க அதற்கு மேலும் சில வாரம். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். விற்பவர்கள் வாய்வார்த்தையாகக் கொடுக்கும் “48 மணி நேர கேரண்டி”யை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் அது என்ன கேரண்டி என்று புரிந்துவிடும். பார்வோவின் மிகக் குறைந்த கெடுவைவிடவும் அது சிறியது.

பழைய காலத்து ஆட்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். நாரத ஸ்மிருதியும் யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க நாள் குறித்துள்ளன. கறவை மாட்டுக்கு மூன்று நாள், சுமை இழுக்கும் மாட்டுக்கு ஐந்து, விதைக்குப் பத்து. பால் எவ்வளவு கறக்கிறது என்பது மூன்று நாளில் தெரிந்துவிடும். விதை முளைக்குமா என்று தெரியப் பத்து நாளாவது வேண்டும். கெடு என்பது பொருளின் குணத்தைப் பார்த்து வைக்கப்பட்டது. ரோமாபுரியில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகளின் ஆணை இன்னும் ஒரு படி போனது. அடிமையோ கால்நடையோ விற்பவன் அதன் குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வைத்துக்கொண்டு ஓராண்டுக்குள் விலையைக் குறைக்கச் சொல்லலாம். விற்றவனுக்கே குறை தெரியாது என்றாலும் இதேதான். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் யாரும் காசை எடுப்பதில்லை. மாடு வாங்குகிறவன் சுழி பார்ப்பான், மடி பிடித்துப் பார்ப்பான், கறந்து காட்டச் சொல்வான். அதே மனிதன் நாய்க்குட்டி வாங்கும்போது பல்லைப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒரு பெரிய பொய் அங்கேயே அகப்படும். குட்டிக்குப் பால்பற்கள் மூன்றாம் வாரம் வாக்கில் முளைக்கத் தொடங்கி, எட்டாம் வாரத்தை ஒட்டி 28 பல்லும் நிறையும். “ரெண்டு மாசக் குட்டி” என்று தரப்படுவதற்குக் கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால் அது இரண்டு மாதக் குட்டி அல்ல.

வயதில் ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒன்று, குட்டி சிறிதாக இருந்தால் அழகு, வாங்குகிறவர்களே “இன்னும் சின்னதா இல்லையா?” என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு, ஐந்தாம் வாரத்துக்கு மேல் ஒரு ஈற்றுக் குட்டிகள் தின்னும் தீவனமும் போடவேண்டிய ஊசியும் செலவு. மூன்றாவது, சட்டம். 2017 மே மாதம் மத்திய அரசு அறிவித்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. குட்டி போட்டு விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் நிரம்பாமல் இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. பதிவேடு வைக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும். விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் திண்டிவனத்தில் பெட்டியை வாங்கும்போது எவரும் பதிவு எண்ணைக் கேட்பதில்லை. கேட்டால், “சார், நாங்க வீட்லதான் வளக்கறோம், கெனல் எல்லாம் இல்ல” என்று பதில் வரும். பெரும்பாலான இடங்களில் அது நிஜமும்கூட. ஒரு பெட்டை, ஆண்டுக்கு ஒரு ஈற்று, வாட்ஸ்அப்பில் விற்பனை. வியாபாரியா, நாய்ப் பிரியரா என்பதற்கு நடுவில் நிற்கும் இவர்களைப் பிடிப்பதுதான் சட்டத்துக்குக் கஷ்டம்.

இப்போது ஊசி விஷயம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். பாதிச் சண்டை “ஊசி போட்ட குட்டி” என்ற சொல்லில்தான் பிறக்கிறது. சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது இருக்கும்வரை குட்டிக்குப் பாதுகாப்பு. ஆனால் அதே சக்தி தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது கரைந்து முடியும் நாள் ஒவ்வொரு குட்டிக்கும் வேறு. ஒன்றுக்கு எட்டாம் வாரம், கூடப் பிறந்த இன்னொன்றுக்குப் பதினான்காம் வாரம். தாயின் காவல் தளர்ந்து, ஊசி இன்னும் பிடிக்காத அந்த இடைவெளியில் பார்வோ புகுந்தால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிரம்பும்வரை ஊசி போட்டுக்கொண்டே போக வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு ஊசி போட்டிருந்தால் அது பாதுகாப்பின் தொடக்கம். விற்றவர் “ஊசி போட்டாச்சு” என்று உண்மையைச் சொல்கிறார். வாங்கியவர் “இனி நோய் வராது” என்று எடுத்துக்கொள்கிறார். குட்டியைத் தெருமுனைவரை நடத்திக்கொண்டு போகிறார், சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் தூக்கிப்போய்க் காட்டுகிறார். மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும் கிருமி பார்வோ.

ஊசியிலேயே பொய்யும் உண்டு. மருத்துவர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாத அட்டை, எங்கிருந்தோ உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், மருந்துக்கடையில் வாங்கித் தானே குத்திய ஊசி. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து மே மாத வெயிலில் பைக் பெட்டியில் வந்திருந்தால், குத்தியது மருந்தா தண்ணீரா என்று அதைக் குத்தியவருக்கே தெரியாது.

விற்பவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தால் வேறு கதைகள் கேட்கக் கிடைக்கும். அவற்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. குட்டியை வாங்கிப்போன அன்றே குளிப்பாட்டுவார்கள். வந்த பூரிப்பில் பசும்பால் வைப்பார்கள், மட்டன் எலும்பு போடுவார்கள். கழிச்சல் வந்ததும் போன் வரும். அடுத்த ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தாலும் போவதில்லை. பெண் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். அந்த ஈற்றில் ஆணாகவே பிறந்துவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்டு இரவு பத்து மணிக்கு வாசலில் நிற்பார்கள். ஆறு மாதம் கழித்து வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வளர்ந்த நாயைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கிராசிங்குக்கு ஆண் நாயைக் கொடுத்தவருக்குக் கூலியாக முதல் குட்டி என்று பேச்சு. பிறந்ததே இரண்டு, ஒன்று செத்துவிட்டது என்றால் மிச்சமிருக்கும் ஒன்று யாருடையது? இந்த வழக்குகள் எந்த நீதிமன்றத்துக்கும் போவதில்லை. மருந்துக்கடை வைத்திருப்பவர், பெட் ஷாப்காரர், கால்நடை மருத்துவர் என்று இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று தீர்த்துவைக்கிறார். தீராவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் பேரைப் போட்டு நாறடிப்பது.

போலீசுக்குப் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: “இது சிவில் மேட்டர்.” குட்டியே இல்லாமல் படத்தைக் காட்டிப் பணம் பறித்தது என்றால் மட்டும் அது வேறு. பிளைட்டில் வருகிறது, ஏர்போர்ட்டில் நிற்கிறது, இன்சூரன்ஸ் கட்டினால்தான் விடுவார்கள் என்று தவணை தவணையாகக் கறப்பது அப்பட்டமான இணைய மோசடி. 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட்டால் பணம் வழியிலேயே முடக்கப்பட வாய்ப்பு உண்டு.

உயிருள்ள குட்டி, நிஜமான விற்பனை என்றால் போகவேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் கண்ணில் நாய்க்குட்டி ஒரு சரக்கு. கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கியவருக்கு லாபம் அதில்தான். சொன்ன விவரப்படி சரக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்த விற்பனைக்குள் இருக்கிறது. “லாப்” என்று விற்றது வளர்ந்து காது விறைத்து வேறொன்றாக நின்றால் அது இந்த நிபந்தனையை மீறியது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மேலும் சில கதவுகளைத் திறந்தது. வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெங்களூர்க்காரர்மீதும் புதுச்சேரிக்காரர்மீதும் விழுப்புரத்திலேயே போடலாம் என்பது இந்த வட்டாரத்துக்குச் சின்ன விஷயமல்ல. திண்டிவனத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியில் வேறு அரசு, வேறு வாரியம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது கொடுக்காததே முறையற்ற வணிகம். குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ரசீதில் கெடு எழுதப்படாவிட்டால் 30 நாள் என்று சட்டமே கெடு வைக்கிறது. “விற்ற குட்டி திரும்பப் பெறப்படாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். வாங்கியவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். குட்டி போட வைத்து விற்கலாம் என்று பெட்டையை வாங்கியிருந்தால், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாட வழி இருக்கிறது.

30 நாள் பார்வோவுக்குப் போதும், டிஸ்டெம்பருக்கும் ஏறக்குறையப் போதும். ஆனால் நாளை மட்டும் எண்ணி வழக்கு வெல்வதில்லை. செத்தது எதனால் என்று காட்ட வேண்டும். துக்கத்தில் குட்டியைக் கொல்லையில் புதைத்து மஞ்சள்குங்குமம் வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி பிரேதப் பரிசோதனை அறிக்கை. விழுப்புரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி. கேட்டுப் போக இடமில்லாத ஊர் அல்ல இது. அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு செத்த குட்டியை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிப்போக யாருக்கு மனசு வரும்? வழக்குகள் தோற்பது, அல்லது பிறக்காமலே போவது, பெரும்பாலும் இங்கேதான். குட்டி வந்த அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டித் தேதியோடு எழுதி வாங்கிய ஒரு சீட்டு இருந்தால் கதை வேறு. அது விற்றவருக்கும் காப்புத்தான். அன்றைக்குக் குட்டி எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு தரப்பையும் சேராத ஒரே சாட்சி அது.

அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. நியூயார்க்கில் நோய்க்கு 14 நாள், பிறவிக் குறைக்கு 180 நாள். கலிபோர்னியாவில் 15 நாள், ஓராண்டு. நம் ஸ்மிருதிக்காரர்கள் விதைக்கும் மாட்டுக்கும் தனித்தனி நாள் வைத்த அதே புத்தி. இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2020 ஏப்ரல் முதல் இடைத்தரகர் குட்டி விற்கவே கூடாது. பிறந்த இடத்தில் தாயோடு வைத்துக் காட்டித்தான் விற்க வேண்டும். குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் அந்தச் சட்டத்தை அழைக்கிறார்கள். அந்த விதி இங்கே இருந்தால் திண்டிவனத்தில் இறங்கும் அட்டைப்பெட்டிகள் அன்றே நின்றுவிடும். இங்கே 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை கொண்டுவந்தது. நம் வெயிலுக்கு ஒவ்வாத பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. இந்திய கெனல் கிளப் உயர் நீதிமன்றம் போக, இடைக்காலத் தடை வந்தது. விழுப்புரத்து ஏப்ரலில் மூச்சு வாங்கிக் கிடக்கும் பக்கை நோயுள்ள சரக்கு என்பதா, அந்த இனமே அப்படித்தான் என்பதா? வாங்கியவர்கள் எழுப்பும் நியாயமான கேள்விதான். கெனல் கிளப் பேப்பர் இருந்தால் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: அந்தப் பேப்பர் வம்சாவளியைத்தான் சொல்லும். நுரையீரலைப் பற்றியோ இடுப்பெலும்பைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது.

சமரசம் என்றால் விற்பவர் முதலில் சொல்வது “வேற குட்டி தர்றேன்” என்பதுதான். ஆணையமும் மாற்றுச் சரக்கு தரச் சொல்லலாம். மிக்சியென்றால் சரி. பார்வோவில் ஒரு குட்டி செத்த வீட்டுக்குள், அதே தரையில், ஊசி முழுக்க முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விட்டால் அதையும் அதே குழியருகே புதைக்கத்தான் நேரும். ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைக் கழுவலாம். தோட்டத்து மண்ணைக் கழுவ முடியாது. இதைத் தெரிந்தே மாற்றுக்குட்டி தருகிறவரைத்தான் நான் திருடன் என்பேன்.

கடைசியாக, திருப்பிக் கொடுக்க மனம் வராத குறை. மயிலத்துப் பக்கம் என் உறவுக்கார அக்கா வீட்டுக்கு ராஜபாளையம் குட்டி ஒன்று வந்தது. வெள்ளை வெளேரென்று, மூக்கு ரோஜா நிறம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது: வெடிச் சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை. பிறவிச் செவிடு. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வரும் குறை என்பது இந்த இனத்தை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். விற்றவர் தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். ஈற்றோடு இருக்கும்வரை செவிட்டுக் குட்டி மற்றவை எழுந்தால் எழும், ஓடினால் ஓடும். தனியாக ஒரு வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வரும்.

“கொண்டாந்து விட்ருங்க, பணத்தைத் தந்துர்றேன்” என்றார் அவர். அக்கா மறுத்துவிட்டார். குட்டியை வைத்துக்கொள்வோம், பாதிப் பணம் வேண்டும் என்றார்.

“குட்டியும் வேணும், பணமும் வேணுமாக்கா?”

ரோமாபுரிச் சந்தையில் அதற்கு ஆம் என்ற பதில் இருந்தது. நம் சரக்கு விற்பனைச் சட்டத்திலும், வைத்துக்கொண்டு விலையில் கழித்துக் கேட்க ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியாது. நாலைந்து நாள் போனில் இழுபறியாகி, மிச்ச ஊசிகளின் செலவை அவர் ஏற்றுக்கொள்வது என்று முடிந்தது. குட்டிக்கு வீரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூடத்தில் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். அடுப்படியிலிருந்து எழுந்து வருகிறது.